தாளம் தப்பிய இதயமும் நிறுத்தக் கூடாத மாத்திரையும்

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அம்மா ஒருவர் வருவார். பையில் பிபி மிஷின், சர்க்கரை பார்க்கிற கருவி, மாத்திரை அட்டைகள். திண்ணையில் உட்கார்ந்தபடியே நாலு வீட்டுக்காரர்களுக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதக் காலையில் என் கையில் பட்டையைக் கட்டியவர், நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா, இன்னொரு வாட்டி கட்டட்டுமா? ஓரத்துல இதயம் மாதிரி ஒண்ணு மின்னுது.” மூன்று தடவை கட்டினார், மூன்று தடவையும் மின்னியது. அப்புறம் மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். “இது இன்னான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா துடிப்பு ஒழுங்கா வரல. இன்னிக்கே போய் ஈசிஜி எடுத்துடுங்க.”

அதற்கு இரண்டு மாதம் முன்பு, வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்கக் கூட்டத்தில் நின்றிருந்தேன். குடியாத்தத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது, வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு கோழி மாட்டிக்கொண்டு இறக்கையை அடித்துக்கொள்வது போல இருந்தது. ஒரு கடை நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தேன், அடங்கியது. வெயில் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அடங்கவில்லை, எனக்கு அது பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் தெரிந்தது. தாளில் வந்த பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள்.

இந்த மூன்று வருடத்தில் நான் படித்தது, கேட்டது, தப்பாகப் புரிந்துகொண்டு திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, லுங்கி வியாபாரி. ஆனால் இந்த நோயில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் ஒன்றுதான், அதில் நானும் சறுக்கப் பார்த்தேன். படபடப்பும் ஆபத்தும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். படபடப்பு போனால் நோய் போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். அவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள், தனித்தனி மருந்துகள், ஒன்று சரியானால் இன்னொன்று சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயத்துக்கு நாலு அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையில் ஒரு சின்ன இடம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்சாரம் போல ஒரு சமிக்ஞை அனுப்பும், அது மேலறைகள் வழியாக இறங்கி நடுவில் ஒரு வாசலைத் தாண்டிக் கீழறைகளுக்குப் போகும், இதயம் சுருங்கும். ஏ.எஃப். வந்தால் மேலறைகளில் அந்த ஒரு சமிக்ஞைக்குப் பதிலாக நிமிடத்துக்கு 350-இலிருந்து 600 வரை கன்னாபின்னாவென்று ஓடுகின்றன. அந்த வேகத்துக்குத் தசை சுருங்க முடியாது, குளிர் காய்ச்சலில் உடம்பு உதறுவது போல உதறிக்கொண்டே இருக்கும். நல்லவேளையாக நடுவாசல் எல்லாவற்றையும் கீழே விடாது, முடிந்ததை மட்டும் விடும். எதை விடும், எதை விடாது என்பதற்கு ஒரு முறையும் கிடையாது. அதனால்தான் கையில் நாடி பிடித்தால் வேகம் மட்டுமல்ல, இடைவெளியும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் பம்பை அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கை என்றால் ஒரு அடி தவறினாலும் கூட்டத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அடுத்த அடி எப்போது விழும் என்று காது எதிர்பார்க்கிறது. ஏ.எஃப். நாடி, பம்பையை முதல்முறை கையில் எடுத்த பையன் அடிப்பது மாதிரி. அடுத்த அடி எப்போது என்று யூகிக்கவே முடியாது. சித்த வைத்தியத்தில் நாடியைக் கோழி நடை, ஆமை நடை, தவளைத் தாவல் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த ஒப்புமைகள் வேறு கணக்கில் வந்தவை, அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிற வழக்கம் நம் வீடுகளில் அற்றுப்போனது நஷ்டம்தான். கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரலை வைத்து, பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்காமல், ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எப்போதாவது ஓர் அடி விட்டுப்போவது பலருக்கும் உண்டு, அது பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒழுங்கே இல்லையென்றால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நோயை உறுதி செய்வது அந்தத் தாள்தான், மிஷினில் மின்னும் இதயமோ கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச்சோ அல்ல, அவை சந்தேகத்தைக் கிளப்பும், அத்தோடு சரி.

இன்னொரு சங்கடம், பலருக்கு இது வந்து வந்து போகும். டாக்டரிடம் போகிற நேரத்தில் இதயம் சமர்த்தாக ஓடும். ஈ.சி.ஜி. நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அந்தத் தாளைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிவிடுகிற ஹோல்டர் பதிவு தேவைப்படும். கூடவே எக்கோ, தைராய்டு, கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் மட்டுமே ஏ.எஃப். வந்தவர்கள் உண்டு, அதைச் சரிசெய்யாமல் இதயத்துக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? இடது மேலறையின் ஓரத்தில் சுருக்குப்பை மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது. அறை ஒழுங்காகச் சுருங்கும்போது அந்தப் பைக்குள் போகிற ரத்தமும் வெளியே வந்துவிடும். அறை உதறிக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் தேங்கும். பாலாற்றின் ஓரத்தில் குட்டையாக நின்றுவிட்ட தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்கின ரத்தம் உறையும், உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பி நேராக மூளைக்குப் போகும். பக்கவாதம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது. வாத காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இதுவும் வந்தால் ஆபத்து அதைவிடப் பல மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டி உருவாகும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது என்பதுதான். படபடப்பே இல்லாத ஏ.எஃப். நிறையப் பேருக்கு இருக்கிறது, கை கால் விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில்தான் முதல்முறை கண்டுபிடிக்கிறார்கள். என் நெஞ்சுக்குள் கோழி அடித்துக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்க ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது, சாட்ஸ்-வாஸ்க் என்று சொல்வார்கள். இதயம் பலவீனம் என்றால் 1, பிபி 1, சர்க்கரை 1, ரத்தக்குழாய் அடைப்பு 1, வயது 65 முதல் 74 வரை என்றால் 1, அதற்கு மேல் போனால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கு ஒரு மதிப்பெண் முன்பு உண்டு, 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு பிபியும் சர்க்கரையும் உண்டு, ஆக 2. அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தேவை. கணக்கை நன்றாகப் பாருங்கள், அதில் ‘படபடப்பு எத்தனை தடவை வந்தது’ என்ற கேள்வியே இல்லை. வந்து வந்து போகிற ஏ.எஃப்.க்கும் நிரந்தர ஏ.எஃப்.க்கும் ஒரே கணக்குதான். இது எனக்கு உறைக்க ஓராண்டு ஆனது. ஆரம்பத்தில் மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன், நெஞ்சு அமைதியாகிவிட்டது, சிரசு வந்தது, ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரி என்றும் நினைத்தேன்.

அடுத்த குழப்பத்துக்கு நம் பேச்சுவழக்கே காரணம். ‘ரத்தம் கரைக்கிற மாத்திரை’ என்கிறோம். ஆஸ்பிரினையும் அப்படித்தான் சொல்கிறோம், அசிட்ரோமையும் அப்படித்தான் சொல்கிறோம், புதிதாக வந்தவற்றையும் அப்படித்தான். இவை எதுவும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும், இதயக் குழாய் அடைப்புக்கு அது உதவும். ஏ.எஃப்.இல் உருவாகும் கட்டி வேறு வழியில் உறைவது, அதற்கு ஆஸ்பிரின் போதாது. 2011-இல், உறைதலைத் தடுக்கும் புதிய மாத்திரைகளில் ஒன்றான அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதில் அபிக்ஸபான் தெளிவாக முந்தியது, பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ‘ஆஸ்பிரின் லேசான மருந்து, பாதுகாப்பு’ என்பது இங்கே செல்லாது. ஏ.எஃப். என்று தாளில் எழுதியிருக்கிறது, சீட்டில் ஆஸ்பிரின் மட்டும் இருக்கிறது என்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

உறைதலைத் தடுக்கும் மருந்தில் பழையது, புதியது என்று இரண்டு வகை. பழையதன் கதை விசித்திரமானது. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவருடைய ஆய்வகம் அந்தத் தீவனத்திலிருந்து காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, மனிதர்களுக்கு மருந்தாக 1954-இல் அனுமதி கிடைத்தது. இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். என் அண்ணி அன்றைக்கு முழுக்க, “அப்ப எனக்கு எலி மருந்தா குடுக்கிறாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி சாப்பிடுவது அசிட்ரோம், வார்ஃபரினுக்குத் தம்பி. நம் ஊர்களில் இதுதான் அதிகம் எழுதப்படுகிறது.

அண்ணிக்குச் சின்ன வயதில் வாத காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது, பிறகு ஏ.எஃப்.உம் சேர்ந்தது. தொண்டைப்புண்ணாக ஆரம்பித்து மூட்டு வீங்கி, கடைசியில் வால்வைக் கெடுக்கிற நோய் அது. வடாற்காட்டில் ஒரு தலைமுறைக்கு முன்பு இது சாதாரணம். 2001-02-இல் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி மருத்துவர்கள் இந்த மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. பிள்ளைகளிடம் குறைந்துவிட்டது, ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்து வால்வு கெட்டவர்கள் இன்றைக்கு ஐம்பது அறுபது வயதில் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.எஃப். என்றால் கணக்கு வேறு. சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண்ணெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, மருந்து கட்டாயம், அதுவும் பழைய வகைதான். புதிய ரிவராக்ஸபானை வாத நோய் வால்வுக்காரர்களிடம், இந்தியா உட்படப் பல நாடுகளில், சுமார் 4,500 பேரிடம் சோதித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. புதியது பழையதற்குச் சளைக்காது என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். பழைய மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் சாவு குறைவாக இருந்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழையதுதான். ‘புது மாத்திரை வந்திருக்காம், பரிசோதனையே வேண்டாமாம்’ என்று யாராவது சொன்னதை நம்பி இவர்கள் மாறிவிடக் கூடாது.

பழைய மருந்தின் தொல்லை அந்தப் பரிசோதனைதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும் (உலோக வால்வு என்றால் கொஞ்சம் மேலே). குறைந்தால் உறையும், ஏறினால் கசியும். அண்ணியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, மேலே மஞ்சள் தடவியிருக்கும். உள்ளே தேதி, ஐ.என்.ஆர்., அதற்குப் பக்கத்தில் ‘ஞாயிறு, புதன் 3 மில்லி, மத்த நாள் 2 மில்லி’ என்று பென்சிலில். ஒரு பக்கத்தில் 1.4 என்று இருக்கும், அதன் பக்கத்தில் ‘முருங்கைக்கீரை’ என்று மட்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையை எதிர்க்கும். முருங்கை காய்த்துக் கொழுந்து விடுகிற காலத்தில் தினமும் பொரியல் வைத்துவிட்டார்கள். அதற்குப் பயந்து அடுத்த இரண்டு மாதம் கீரையே தொடவில்லை, ஐ.என்.ஆர். 4-ஐத் தாண்டி ஈறில் ரத்தம் கசிந்தது. கீரையை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வாரத்துக்கு எவ்வளவோ அதை ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், அதற்கேற்ற மாதிரி மாத்திரை அளவை நாங்கள் வைக்கிறோம் என்றுதான் டாக்டர் சொன்னார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கீரையைவிட மோசம் மருந்துக்கடை. முட்டி வலி என்று அண்ணி ஒரு கடையில் கேட்டார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே வலி மாத்திரை பத்து கிழித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, ஆறு நாள் ஆஸ்பத்திரி. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரண்டு வகை உறைதல் தடுப்பு மருந்தோடும் ஆகாதவை. சில ஆண்டிபயாட்டிக், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் போன்றவை அசிட்ரோமின் அளவை ஏற்றிவிடும். மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்களும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சீட்டு எழுதுகிறவர் யாராக இருந்தாலும், பல் டாக்டர் உட்பட, ‘நான் உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்பதுதான் நீங்கள் சொல்கிற முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதும் வேண்டாம், பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது, எதைச் செய்வது என்று இரண்டு டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

வால்வு நோய் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் புதிய வகை: டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான். 2009 முதல் 2011 வரை வந்த பெரிய ஆய்வுகளில் இவை வார்ஃபரினுக்குச் சளைத்தவை இல்லை என்றும், மூளைக்குள் ரத்தக்கசிவு இவற்றில் குறைவு என்றும் தெரிந்தது. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக்குக் கட்டுப்பாடு இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்து நம் கம்பெனிகளே தயாரிப்பதால் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் ஒரு விஷயம், அசிட்ரோம், வார்ஃபரின் நிறுத்தினாலும் சில நாள் வேலை செய்யும், இவை ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். அபிக்ஸபான் காலை ஒன்று, இரவு ஒன்று. இரவு மறந்தால் மறுநாள் காலையில் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக உறிஞ்சாது. டாபிகாட்ரான் பெரும்பாலும் கிட்னி வழியாக வெளியேறுவது, கிட்னி பலவீனமானால் உடம்பில் தங்கிவிடும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிப்போனால் கிட்னியும் சேர்ந்து அடிபடும், அதனால் எந்த மாத்திரையாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது கிட்னிக்கான கிரியேட்டினின் பரிசோதனை பார்க்கச் சொல்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கவும், ‘ரத்தம் ரொம்பக் கரைஞ்சிடும்’ என்ற பயத்திலும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அபிக்ஸபானில் பாதி அளவு என்பது 80 வயதோ அதற்கு மேலோ, 60 கிலோவுக்குள் எடை, கிரியேட்டினின் 1.5-ஓ அதற்கு மேலோ என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருப்பவர்களுக்கு. அவருக்கு மூன்றில் ஒன்றும் இல்லை.

இவ்வளவு செய்தும் பக்கவாதம் வரவே வராது என்று சொல்ல முடியாது. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் அப்போதே 108. உறைந்ததைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும். பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ இருக்கிறவர்கள் வேலூர் போய்ச் சேருகிற நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது உறைதல் தடுப்பு மாத்திரை போட்டார் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள், பதில் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நான் மாத்திரை பெயரை எழுதி ரேஷன் கார்டு வைக்கிற கவருக்குள் வைத்திருக்கிறேன், ஆம்புலன்ஸ் வந்தால் என் மனைவி முதலில் எடுப்பது அந்தக் கவரைத்தான்.

இனிதான் படபடப்பு. இதற்கு இரண்டு வழி. தாளம் கெட்டபடியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் அடக்குவோம் என்பது ஒன்று. தாளத்தையே திரும்பக் கொண்டுவருவோம் என்பது இன்னொன்று. வேகத்தை அடக்க மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின். கடைசியது 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு செடியின் இலையைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது, இன்னும் நம் சீட்டுகளில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 110-க்குள் இருந்தால் பலருக்குப் போதும் என்று 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. மூச்சு வாங்கினால் இன்னும் குறைக்க வேண்டும்.

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 4,000 பேரை வைத்து இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறு. இரண்டு பக்கமும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐ.என்.ஆர். குறைவாக இருந்தவர்கள். தாளம் திரும்பிவிட்டதே என்று மருந்தை விட்டவர்களும் அதில் உண்டு. அதைப் படித்த அன்றைக்குத்தான் சிரசு வாரத்தில் நான் செய்த வேலையின் அர்த்தம் புரிந்தது.

அப்புறம் 2020-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று, நோய் கண்டுபிடித்த ஓராண்டுக்குள் தாளத்தைத் திருப்பும் முயற்சியை ஆரம்பித்தால் பக்கவாதமும் இதயச் சாவும் குறைகின்றன என்று சொன்னது. அதனால் இப்போது காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. மேலறை நாளாக நாளாக வீங்கி, உதறுவதற்கே பழகிவிடும், பழகிய பிறகு திருப்புவது கஷ்டம். ‘எப்படியும் இருக்கட்டும், வயசாயிடுச்சு’ என்று ஐந்து வருடம் விட்டுவிட்டுக் கேட்பவருக்கும் ஐந்து மாதத்தில் கேட்பவருக்கும் ஒரே பதில் கிடைக்காது.

எனக்கு முதலில் ஷாக் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டு வீட்டில் அழுகை. உண்மையில் அது கால் மணி நேர வேலை. முன்கூட்டியே மூன்று வாரம் உறைதல் தடுப்பு மாத்திரை தவறாமல் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் கட்டி இல்லை என்று பார்ப்பார்கள், ஏனென்றால் அறை திரும்பச் சுருங்க ஆரம்பிக்கும்போதுதான் கட்டி கிளம்பும். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு அட்டை ஒட்டினார்கள், பசை ஜில்லென்று இருந்தது. ஊசி போட்டுப் பத்து எண்ணச் சொன்னார்கள், நாலுக்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. கண் திறந்தபோது நர்ஸ் மானிட்டரைக் காட்டினார், அலைகள் ஒரே இடைவெளியில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மார்பில் தோல் வெயிலில் சுட்டது போல இரண்டு நாள் எரிந்தது. அதற்குப் பிறகும் குறைந்தது நாலு வாரம் மாத்திரை கட்டாயம், என் மதிப்பெண்ணுக்கு எப்போதுமே கட்டாயம். அந்தத் தாளம் ஏழு மாதம் நின்றது. பிறகு ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது மறுபடி கோழி வந்துவிட்டது.

தாளத்தைத் தக்கவைக்க மாத்திரைகளும் உண்டு. அமியோடரோன் அதில் பலசாலி, பக்கவிளைவிலும் பலசாலி. அதற்குள் அயோடின் அதிகம், தைராய்டைக் கெடுக்கலாம், நுரையீரல், கல்லீரல், கண் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இல்லாமல் இதை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பது. தயவுசெய்து வேண்டாம்.

மிச்சமிருப்பது அப்லேஷன். 1998-இல் பிரான்ஸின் போர்டோவில் மிஷேல் ஹைசாகேர் குழுவினர், ஏ.எஃப்.ஐக் கிளப்பிவிடுகிற மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயில் இருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். தொடையிலிருந்து மெல்லிய குழாய் விட்டு, அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ தழும்பு உண்டாக்கிவிட்டால் பொறி உள்ளே வராது. வயலில் எலி வருகிற வளையை அடைக்கிற மாதிரி. வந்து வந்து போகிற வகைக்கு முதல் தடவையிலேயே ஓராண்டு வரை சுமார் பத்தில் ஏழு பேருக்குத் தாளம் நிற்கிறது, விடாமல் இருக்கிற வகைக்கு அதைவிடக் குறைவு, சிலருக்கு இரண்டாவது தடவையும் செய்ய வேண்டிவரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது, பக்கவாதம் போன்ற சிக்கல்கள் நூற்றில் சிலருக்கு வருகின்றன, அனுபவமுள்ள இடத்தில் குறைவு. செலவு லட்சங்களில். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற காப்பீட்டு மேஜையில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், அட்மிட் ஆன பிறகு கேட்டால் சங்கடம்.

அப்லேஷனுக்கு முன்னும் பின்னும் பலன் தருகிற காரியங்களுக்குக் காசு ஆகாது என்பதால்தான் யாரும் அவற்றை மதிப்பதில்லை போலிருக்கிறது. பிபியைப் பிடித்து வைப்பது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைப்பது. குடியை விடுவது (2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வில் குடியை நிறுத்தியவர்களுக்கு ஏ.எஃப். திரும்புவது குறைந்தது). குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் அதற்குச் சிகிச்சை எடுப்பது. காபி, டீயை எல்லாரும் திட்டுவார்கள், அளவாகக் குடிப்பவர்களுக்கு அதனால் ஏ.எஃப். கூடுகிறது என்று ஆய்வுகளில் தெரியவில்லை. என் மனைவி நம்பவில்லை. “என்னங்க, டாக்டர் சொன்னாரா, இல்ல நீங்களே சொல்லிக்கிறீங்களா?” என்றார். டாக்டர் வாயாலேயே கேட்ட பிறகுதான் இரண்டாவது டீ திரும்பக் கிடைத்தது.

வேலூர் காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் பலகைகளும் ஓட்டல் பலகைகளும் வங்காள மொழியில் இருக்கும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சிஎம்சி இருக்கிற இடம் அது, 1960-களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவை நடந்த ஊர். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற நாங்கள் நெஞ்சு அடங்கியதும் அடுத்த செக்கப்புக்குப் போவதில்லை. விளக்குக்குக் கீழே இருட்டு என்பது சும்மாவா. கூட்டமும் காத்திருப்பும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை, கடையை ஒரு நாள் மூடினால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. ஆனால் ஏ.எஃப். வருடக்கணக்கில் கூடவே வருகிற நோய், எல்லாவற்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், பிபி எல்லாம் உள்ளூரிலேயே பார்க்கலாம், சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அந்தத் தாள்களோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தாள்களைத் தேதி வரிசையில் வையுங்கள். ஏ.எஃப். முதலில் பதிவான ஈ.சி.ஜி.யின் ஜெராக்ஸ் ஒன்று தனியாக எடுத்து வையுங்கள், அசல் தாள் வருடம் போகப் போக வெளுத்துவிடும், என்னுடையதில் பாதி அலை இப்போதே காணோம்.

போன மாதம் டாக்டர் அப்லேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எக்கோவில் மேலறை இன்னும் ரொம்ப வீங்கவில்லையாம், அதனால் இப்போது செய்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம், தள்ளிப் போடாதீர்கள் என்றார். செய்த பிறகு உறைதல் தடுப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். “உங்க பிபியும் சர்க்கரையும் ஓடிப்போயிடுமா சார்?” என்று திருப்பிக் கேட்டார். வீட்டில் பேசினோம். சிரசு முடியட்டும் என்றார் அண்ணி. அது முடிந்தால் ஆனி, கடையில் கணக்கு முடிக்கிற மாதம். ஆடியில் எங்கள் வீட்டில் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், பிபி மிஷின் அம்மா வந்து கண்டுபிடித்ததே ஆடியில்தானே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் கணக்கைப் பையனிடம் கொடுத்துவிட்டு ஆனி பத்தாம் தேதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.